தள்ளியது கடைசி 100 மீட்டரில், சிக்கல் தொடங்கியது அதற்கு வெகுமுன்பே

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 6 அன்று நடந்த ஆண்கள் 1500 மீட்டர் இறுதியைப் பார்த்தவர்களுக்குக் கடைசி 200 மீட்டர் மறந்திருக்காது. நார்வேயின் யாக்கோப் இங்கேபிரிக்ட்சன் தொடக்கத்திலிருந்தே வேகம் பிடித்து மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகிறார், அவர் தோளை ஒட்டி பிரிட்டனின் ஜோஷ் கெர், பின்னால் அமெரிக்காவின் கோல் ஹாக்கர். ஹாக்கர் ஒருமுறை உள்பக்கமாக நுழையப் பார்க்கிறார், இங்கேபிரிக்ட்சன் உள்ளே நகர்ந்து கதவைச் சாத்திவிடுகிறார். சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, வெளியே கெர்ரைத் தடுக்கும் யோசனையில் இங்கேபிரிக்ட்சன் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்க, உள்ளே ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் திறந்தது. ஹாக்கர் புகுந்தார். 3:27.65, ஒலிம்பிக் சாதனை, தங்கம். அவ்வளவு தூரம் இழுத்து வந்த இங்கேபிரிக்ட்சனுக்கு நாலாவது இடம்.

பதின்மூன்று மாதம் கழித்து, 2025 செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் அரையிறுதி. அதே ஹாக்கர், அதே உள்வரிசை, அதே காத்திருப்பு. இந்த முறை கதவு திறக்கவில்லை. கடைசி நேர்ப்பாதையில் முன்னாலும் பக்கத்திலும் ஆட்கள், நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ராபர்ட் ஃபார்க்கனை இடித்துக்கொண்டு இடையில் நுழைந்தார். இறுதிக்குத் தகுதியான இடத்தில்தான் முடித்தார், ஆனால் இடித்துத் தள்ளியதற்காகத் தகுதி நீக்கம். அமெரிக்கா மேல்முறையீடு செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒலிம்பிக் சாம்பியன் இல்லாமலேயே இறுதி ஓட்டம் நடந்தது.

இரண்டு ஓட்டத்திலும் அவர் எடுத்த முடிவு ஒன்றுதான். உள்ளே ஒட்டி ஓடு, தூரத்தை மிச்சப்படுத்து, கடைசியில் வழி கிடைக்கும் என்று நம்பு. ஒருமுறை வழி கிடைத்தது, மறுமுறை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நடுத்தூர ஓட்டங்களில் வருகிற தகுதி நீக்கங்களை நாம் பெரும்பாலும் அந்த ஒரு நொடியை மட்டும் ஸ்லோமோஷனில் போட்டுப் போட்டுப் பார்த்துச் சண்டை போடுகிறோம், கை பட்டதா, முழங்கை பட்டதா, வேண்டுமென்றே செய்தாரா என்று. ஆனால் அந்த முழங்கை அங்கே வந்து சேர்ந்ததற்கான காரணம் பெரும்பாலும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று முன்னால் இருக்கும்.

முதலில் கணக்கு. ட்ராக்கில் ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். வளைவில் ஒரு முழு லேன் அகலம் வெளியே ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதல் தூரம். 1500 மீட்டரில் ஏழு வளைவுகள் வருகின்றன. ஆக ஆரம்பம் முதல் கடைசி வரை இரண்டாவது லேனிலேயே ஓடுகிறவர் சுமார் 27 மீட்டர் அதிகம் ஓடுகிறார். அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 4 விநாடி. பாரிஸ் இறுதியில் முதல் நாலு பேருக்கும் இடையில் இருந்த மொத்த வித்தியாசமே 0.59 விநாடிதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிஜத்தில் யாரும் முழு லேன் வெளியே ஓடுவதில்லை, முன்னால் ஓடுகிறவரின் வலது தோளை ஒட்டி அரை லேன் தள்ளி ஓடுவார்கள், அப்போதும் 13 மீட்டர் போகிறது. 800 மீட்டரில் முதல் வளைவு மட்டும் அவரவர் லேனில், அதன் பிறகு உள்ளே வரலாம், ஆகவே மிச்சம் மூன்று வளைவுகள்தான். ஆனால் அங்கே வேகம் அதிகம், இழந்ததை மீட்க நேரம் குறைவு.

அதனால் எல்லோருக்கும் உள்வரிசை வேண்டும். எல்லோருக்கும் வேண்டும் என்பதுதான் பிரச்சினையே. பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஓடுகிற 1500 மீட்டரில் உள்கோட்டை ஒட்டி ஓடுகிறவருக்கு இடப்பக்கம் உள்விளிம்பு, முன்னால் ஒருவர் முதுகு, வலப்பக்கம் ஒருவர் தோள், பின்னால் ஒருவர் மூச்சு. இதைத்தான் ஓட்டக்காரர்கள் பாக்ஸ் ஆவது என்கிறார்கள். வேகம் ஒரே சீராக இருக்கிற வரை பாக்ஸுக்குள் இருப்பது சுகம்தான், காற்றும் அடிக்காது, தூரமும் குறைவு. முன்னால் யாராவது வேகத்தைக் கூட்டுகிற அந்தக் கணத்தில் வெளியே இருக்கிறவர்கள் பறந்துவிடுவார்கள், உள்ளே இருப்பவருக்குக் காலில் தெம்பு இருந்தும் போக வழி இருக்காது. அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர் முந்தின ஸ்டாப்பிலேயே பஸ்ஸின் வாசல் பக்கம் நகர ஆரம்பிப்பாரே, அந்த மாதிரி நகர வேண்டும். நல்ல தந்திரசாலிகள் கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பதற்கு முன்பே, இரண்டு மீட்டர் நஷ்டம் என்றாலும் பரவாயில்லை என்று, வெளியே வந்துவிடுவார்கள். நகராதவர்கள் விஷயத்தில் நடுவருக்கு வேலை வருகிறது.

இன்னொரு காரணம், வேகக் குறைவு. டயமண்ட் லீக் (வருடந்தோறும் பல நகரங்களில் நடக்கும் தடகளத் தொடர்) போட்டிகளில் வேகம் வைத்துக்கொடுக்கப் பேஸ்மேக்கர்கள் உண்டு, ஓட்டம் வேகமாகப் போகும், கூட்டம் கயிறுபோல் நீண்டுவிடும், இடிக்க ஆளே பக்கத்தில் இருக்காது. ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் பேஸ்மேக்கர் கிடையாது, நேரத்துக்குப் பரிசும் கிடையாது, இடத்துக்குத்தான் பதக்கம். முன்னால் ஓடி எல்லோருக்கும் காற்றை மறைத்துக் கொடுக்க யாருக்கும் விருப்பமில்லை. 2016 ரியோவில் ஆண்கள் 1500 மீட்டர் இறுதியின் முதல் சுற்றுக்கு 66 விநாடிக்கு மேல் ஆனது. உள்ளூர் கல்லூரிப் போட்டியில்கூட அதைவிட வேகமாக ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவின் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 எடுத்துத் தங்கம் வாங்கினார், 1932-க்குப் பிறகு அந்த ஓட்டத்தில் அவ்வளவு மெதுவான தங்கம் இல்லை. அடுத்த மாதம் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1500 மீட்டரில் முதல் நாலு பேர் அதைவிட வேகமாக ஓடினார்கள். ஆனால் சென்ட்ரோவிட்ஸ் கடைசிச் சுற்றை 51 விநாடிக்குள் ஓடியிருக்கிறார். மெதுவான ஓட்டத்தில் முதல் இடத்தை, அதுவும் உள்கோட்டில், பிடித்து வைத்துக்கொண்டவருக்கு எல்லா லாபமும் ஒரே சமயத்தில் கிடைக்கிறது: குறைந்த தூரம், அவரை யாரும் பாக்ஸ் பண்ண முடியாது, எப்போது வேகம் கூட்டுவது என்று அவரே முடிவு செய்யலாம். பின்னால் இருக்கிற பன்னிரண்டு பேர்தான் ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்துக்கொண்டு வருகிறார்கள்.

குதிகால் விஷயம் லேசுப்பட்டதல்ல. இந்த வேகத்தில் ஓர் எட்டு வைத்தால் இரண்டு மீட்டருக்கு அருகில் போகும், பின்னங்கால் கிட்டத்தட்ட இடுப்பு உயரம் வரை மடங்கி எழும்பும், காலில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ். முன்னால் ஓடுகிறவர் அரை விநாடி வேகத்தைக் குறைத்தாலே போதும், பின்னால் வருகிறவர் அவர் குதிகாலில் தட்டுவார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதியில் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் விழுந்தது இப்படித்தான். கடைசிச் சுற்று தொடங்கும் சமயத்தில் அல்ஜீரியாவின் நூருத்தீன் மோர்செலியின் காலில் தட்டி விழுந்தார், மோர்செலி தங்கம், எல் கெரூஜ் கடைசி. உலக சாதனையெல்லாம் கையில் வைத்திருந்த மனிதர் ஒலிம்பிக் தங்கத்துக்கு 2004 ஏதென்ஸ் வரை காத்திருக்க வேண்டி வந்தது.

சரி, விதி என்ன சொல்கிறது? பலர் நினைக்கிற மாதிரி “தொட்டால் அவுட்” என்று எங்கும் இல்லை. உலக தடகள அமைப்பின் விதிப்படி இடித்தல் என்பது வெறும் உடல் உரசல் அல்ல. அந்த உரசலால் ஒருவருக்கு நியாயமில்லாத லாபமோ இன்னொருவருக்குப் பாதிப்போ வந்திருக்க வேண்டும். அதற்கு ஒருவர் பொறுப்பு என்று தலைமை நடுவருக்குப் பட்டால் அவரைத் தகுதி நீக்கம் செய்யலாம். யார் மேலும் குற்றம் இல்லாமல், தற்செயலாக நடந்தது என்றால் யாரையும் நீக்க மாட்டார்கள், ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம், ஓட்டத்தையே மறுபடி நடத்தச் சொல்லவும் அதிகாரம் உண்டு. ட்ராக்கைச் சுற்றி நிற்கும் துணை நடுவர்கள் எதையாவது பார்த்தால் மஞ்சள் கொடி தூக்குவார்கள், வீடியோ அறையில் இன்னொரு நடுவர் உட்கார்ந்திருப்பார், முடிவு வந்த 30 நிமிடத்துக்குள் அணிகள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், அதற்கும் மேலே மேல்முறையீட்டுக் குழு. அங்கே போக 100 டாலர் கட்ட வேண்டும், தோற்றால் அது போச்சு.

இதில் கவனிக்க வேண்டியது, விதி உங்கள் மனசைப் பார்ப்பதைவிட விளைவைத்தான் அதிகம் பார்க்கிறது. ஒரே மாதிரி முழங்கை, ஒருவர் தள்ளாடிச் சமாளித்து ஓடிவிட்டால் ஒன்றுமில்லை, அதே ஆள் விழுந்தால் தகுதி நீக்கம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கூட்டத்தில் ஓடும்போது கை படாமல் ஓடவே முடியாது, நோக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு முடிவும் சொல்ல முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப், பெண்கள் 1500 மீட்டர். கடைசி வளைவுக்குப் போகும்போது எத்தியோப்பியாவின் கெலேதே புர்கா முன்னால். ஸ்பெயினின் நடாலியா ரோட்ரிகஸ் உள்பக்கமாக, புர்காவுக்கும் உள்விளிம்புக்கும் நடுவில், நுழைகிறார். அங்கே ஓர் ஆளுக்கான இடம் இல்லை. புர்கா விழுந்தார். ரோட்ரிகஸ் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார், அரங்கம் கூச்சலிட்டது, கொஞ்ச நேரத்தில் தகுதி நீக்கம். தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு. ரோட்ரிகஸ் கெட்ட எண்ணத்தோடு தள்ளினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வெளியே சுற்றிப் போகவும் தெம்பு இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வெளியே போனால் வளைவு முழுக்க அகலமாக ஓட வேண்டும், நாலு மீட்டர் போகும். அந்த நாலு மீட்டரை மிச்சப்படுத்தப் போய்த்தான் மெடல் போனது.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது, நிறையப் பேருக்கு நினைவிருக்காது. 2017 ஜூலை, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஷிப், பெண்கள் 800 மீட்டர் இறுதி. இந்தியாவின் அர்ச்சனா ஆதவ் முதலாவதாக வந்தார், இலங்கையின் நிமாலி லியனாராச்சி ஒரு விநாடிக்கும் வெகு குறைவான இடைவெளியில் இரண்டாவது. சொந்த மண்ணில் தங்கம், அரங்கமே கொண்டாடியது. இலங்கை அணி எதிர்ப்புத் தெரிவித்தது: கடைசி நேர்ப்பாதையில் அர்ச்சனா நிமாலியைத் தள்ளினார் என்று. வீடியோ பார்த்த நடுவர்கள் ஒத்துக்கொண்டார்கள், அர்ச்சனா தகுதி நீக்கம், இந்தியா செய்த முறையீடும் எடுபடவில்லை. தங்கம் நிமாலிக்கு, வெள்ளியும் இன்னொரு இலங்கை வீராங்கனைக்கு. நேரம் 2 நிமிடம் 5 விநாடி சொச்சம், அதாவது அந்தத் தரத்துக்கு மெதுவான ஓட்டம். மறுபடியும் அதே கதைதான்: மெதுவாக ஓடினார்கள், கடைசி வரை கூட்டமாக வந்தார்கள், கடைசி 100 மீட்டரில் எல்லோருக்கும் ஒரே இடம் தேவைப்பட்டது. போட்டியை நடத்துகிற நாட்டின் தங்கத்தையே பறித்தார்கள் என்பதற்காக அந்த நடுவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம், அன்றைக்கு நம்மூர் ரசிகர்களுக்கு அது கசந்திருந்தாலும்.

அதே சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர் புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் கோவிந்தன். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, தேசியக் கொடியோடு சந்தோஷப்பட்ட பிறகு, வெண்கலம் போனது. முந்தும்போது காலை உள்கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டாராம். இது இடித்தல் அல்ல, வேறு விதி, ஆனால் வேர் ஒன்றுதான்: உள்கோட்டில் இடம் பத்தாதது. யாராவது தள்ளி உள்ளே கால் போனால் தண்டனை இல்லை, தானாகப் போய் லாபமும் கிடைத்தால் நீக்கம். இதே வகை விஷயத்தில் ரியோ 5000 மீட்டரில் அமெரிக்காவின் பால் செலிமோ வெள்ளி வாங்கிவிட்டுத் தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோதே நேரலையில் “உங்களை நீக்கிவிட்டார்கள்” என்று சொல்லக் கேட்டார், அந்த முகத்தை மறக்க முடியாது, பிறகு முறையீட்டில் வெள்ளி திரும்பக் கிடைத்தது. பாரிஸில் ஃபெய்த் கிப்யேகானுக்கும் அப்படித்தான். 5000 மீட்டரில் எத்தியோப்பியாவின் குடாஃப் செகாயோடு நடந்த தள்ளுமுள்ளுக்காக முதலில் நீக்கினார்கள், கென்யா முறையிட்டது, அன்றே வெள்ளி திரும்ப வந்தது. அந்த இடைப்பட்ட நேரத்தில் இத்தாலியின் நாடியா பத்தோக்லெத்தி வெண்கலக்காரியாக இருந்துவிட்டு மறுபடியும் நாலாவது ஆனார், பாவம். வீடியோவைப் பார்த்தால் இருவர் கையுமே நீண்டிருக்கிறது, ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது கஷ்டம்.

யார் குற்றவாளி என்று சொல்ல முடியாத விழுகைகள்தான் இன்னும் சிக்கல். 1984 லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் 3000 மீட்டரில் அமெரிக்காவின் மேரி டெக்கர் விழுந்ததற்கு வெறுங்காலோடு ஓடிய ஸோலா பட் மேல் மொத்த அரங்கமும் பாய்ந்தது. முதலில் ஸோலா பட்டைத் தகுதி நீக்கமும் செய்தார்கள். ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்த்த குழு அதை ரத்து செய்தது. முன்னால் ஓடுகிறவர் உள்ளே வரும்போது பின்னால் வருகிறவரை விட குறைந்தது ஒரு முழு எட்டு தூரம் முன்னால் இருக்க வேண்டும், அதே சமயம் முன்னால் இருப்பவரின் காலைப் பார்த்து ஓடுவது பின்னால் இருப்பவர் பொறுப்பு. ஓட்டக்காரர்களுக்குள் இருக்கிற இந்த இரண்டு வழக்கங்களும் அந்த இடத்தில் நேருக்கு நேர் மோதின. தங்கம் ருமேனியாவின் மரிச்சிகா புய்க்காவுக்குப் போனது, பட் ஏழாவது.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் 800 மீட்டர் அரையிறுதியில் அமெரிக்காவின் ஐசையா ஜூவெட்டும் போட்ஸ்வானாவின் நைஜல் ஏமோஸும் கால் சிக்கி ஒன்றாக விழுந்தார்கள், ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு, ஒன்றாகவே மெதுவாக ஓடிக் கோட்டைத் தாண்டினார்கள். படம் உலகம் முழுக்கப் போனது. ஆனால் இறுதிக்கு ஏமோஸை மட்டும் சேர்த்தார்கள், அதனால் அந்த இறுதியில் எட்டுக்குப் பதில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஜூவெட்டுக்கு இடம் இல்லை. அப்புறம் 2024 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் டோக்கியோவின் 800 மீட்டர் சாம்பியன் ஆத்திங் மு முதல் 200 மீட்டர் சுமாருக்கு விழுந்தார், எல்லோரும் லேனை விட்டு உள்ளே வந்து நெருங்குகிற சமயம் அது. எழுந்து ஓடி முடித்தார். முறையீடு நிராகரிப்பு, பாரிஸில் பட்டத்தைக் காக்க முடியவில்லை.

விழுந்தவர்கள் எழுந்து, நொண்டிக்கொண்டாவது ஏன் கடைசி வரை ஓடுகிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. மன உறுதி ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அடுத்த சுற்றுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் பொதுவாக ஓட்டத்தை உண்மையான முயற்சியோடு முடித்திருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. பாதியில் வெளியேறியவருக்குக் கேட்க வாய் இல்லை. ரியோவில் பெண்கள் 5000 மீட்டர் தகுதிச் சுற்றில் விழுந்த அமெரிக்காவின் அபே டகோஸ்டினோவும் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் ஓடி முடித்ததால்தான் இறுதிக்கு அனுப்பப்பட்டார்கள், டகோஸ்டினோவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்ததால் அவர் ஓடவில்லை என்பது வேறு விஷயம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜிம் ரையன் 1500 மீட்டர் தகுதிச் சுற்றில் விழுந்து எழுந்து ஓடி முடித்தும் அவருக்கு இரக்கம் காட்டவில்லை, அன்றைய காலம் அப்படி.

அதே மியூனிக்கில் 800 மீட்டர் இறுதியில் தொப்பி போட்ட அமெரிக்கர் டேவ் வாட்டில் முதல் சுற்றில் கடைசி ஆளாக, தனியாக, வெளியே ஓடிவந்து கடைசி நொடியில் தங்கம் பிடித்தார். கூட்டத்துக்குள் போகாதவரை யாரும் இடிக்கவும் முடியாது, அவர் யாரையும் இடிக்கவும் தேவையில்லை. நேர்மாறான வழி கென்யாவின் டேவிட் ருடிஷாவுடையது: 2012 லண்டனில் ஆரம்பத்திலிருந்தே முன்னால், 1:40.91, உலக சாதனை, அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இந்த இரண்டு வழிக்கும் அசாத்தியக் கால் வேண்டும். மீதிப் பேர் நடுவில்தான் ஓடியாக வேண்டும், அங்கேதான் முழங்கைகள் இருக்கின்றன.

ஹாக்கருக்கு 2025 டோக்கியோவில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. இடித்ததற்காக வருகிற நீக்கம் அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடும், மற்றப் போட்டிகளில் ஓடத் தடையில்லை. ஆறு நாள் கழித்து 5000 மீட்டர் இறுதியில் நெரிசலில் சிக்காமல் காத்திருந்து, கடைசி நேர்ப்பாதையில் எல்லோரையும் தாண்டி 12:58.30-ல் தங்கம் வாங்கினார். எல்லோருக்கும் அப்படி இரண்டாவது ஓட்டம் இருக்காது. அதற்காகத்தானோ என்னவோ பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 முதல் 1500 வரையிலான ஓட்டங்களில் தகுதிச் சுற்றில் தவறியவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் யார் காலோ தட்டி விழுந்தால் நடுவரிடம் போய் நிற்காமல் மறுபடியும் ஓடித் தகுதி பெறலாம் என்று ஆனது. அரையிறுதியில் விழுந்தால் அங்கேயும் பழையபடி 30 நிமிடமும், மஞ்சள் கொடியும், வீடியோ அறையும்தான்.